அமுதசுரபி: தியரிகள் கேட்க மறந்த கேள்வி

எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சியைத் தாண்டி மேற்கே போனால் கச்சிராயபாளையம், அங்கே கோமுகி அணை. கல்வராயன் மலையில் பிறந்து வரும் ஆறு. மணிமேகலையில் அமுதசுரபி கிடந்த பொய்கைக்கும் கோமுகி என்றுதான் பெயர். முதல் தடவை படிச்சப்போ, "அட, நம்ம ஊருப் பாத்திரமா!" என்று எனக்கும் ஒரு தியரி முளைத்தது. ஆனால் அந்தப் பொய்கை புகாருக்குத் தெற்கே 30 யோசனை தூரத்தில், மணிபல்லவம் என்ற தீவில் இருப்பதாகக் காப்பியமே சொல்லிவிடுகிறது. தியரி அதோட முடிஞ்சுது.

மாயப்பொருள் என்றாலே நாம் கேட்பது இரண்டுதான்: எங்கே இருக்கு, எப்படி வேலை செய்யுது? மணிபல்லவம் நயினாதீவுதான் என்பவர்கள் பலர், மறுப்பவர்களும் உண்டு. அது நியாயமான ஆராய்ச்சி. பாத்திரத்தையே தொலைந்துபோன தொழில்நுட்பமாகப் பார்ப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் 1976இல் 'வெக்னாவின் கை', 'வெக்னாவின் கண்' என்று இரண்டு மாயப்பொருள்கள் வந்தன. கேரி கைகாக்ஸ் 1979இல் எழுதிய வழிகாட்டி நூலில் இத்தகைய பொருள்களின் சக்திகளுக்கு எதிரே வெற்றுக் கோடுகள்தான் அச்சாகியிருக்கும். ஆட்டத்தை நடத்துபவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். ரசிகர்கள் ஆளுக்கொரு தியரி சொல்வதில் தப்பே இல்லை. இடம் விட்டுத்தானே வைத்திருக்கிறார்கள்.

சாத்தனார் அப்படி விடவில்லை. விதிகளை எழுதியே வைத்திருக்கிறார். எடுக்க எடுக்கக் குறையாது. ஆபுத்திரன் அதைக் கோமுகியில் விட்ட பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை, புத்தர் பிறந்த வைகாசி முழுநிலவு நாளில் மேலே வரும். ஆனால் பசிக்கிறவர் இல்லாத இடத்தில் அது வெறும் ஓடு. மதுரையில் ஆபுத்திரனிடம் தோற்ற இந்திரன் பாத்திரத்தைப் பிடுங்கவில்லை. மழையைப் பெய்யவைத்தான், அவ்வளவுதான். சோறு கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. கப்பல் ஏறிய ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டான். கையில் வற்றாத சோறு. ஆனாலும் தன் ஒரு வயிற்றுக்காக அதை வைத்திருக்க மனமில்லாமல், பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விட்டான். எந்தத் தொழில்நுட்பத் தியரியாலும் இந்த இடத்தை விளக்க முடியாது. சோறு சுரப்பது மட்டுமே அதிசயம் என்றால், அவன் செத்ததற்கு அர்த்தமே இல்லை.

இன்னொரு விதிதான் என்னை உறுத்துகிறது. மணிமேகலை மாதவியின் மகள், கணிகையர் குலம். அவள் ஏந்தும் பாத்திரத்தில் முதல் பிச்சையை ஒரு பத்தினி இட வேண்டும் என்று அவளே சொல்கிறாள். தீயில் இறங்கியும் வேகாத ஆதிரை இடுகிறாள். யானைத்தீ என்னும் தீராப்பசி பிடித்த காயசண்டிகைக்கு அதிலிருந்து ஒரு பிடி கிடைத்ததும் நோய் தீர்கிறது.

சாதி பார்க்காமல், ஊனமுற்றோர், ஆதரவற்றோர், சிறைக்கைதிகள் என எல்லோருக்கும் சோறு போடும் பாத்திரத்துக்குத் தொடக்கம் மட்டும் ஏன் ஒரு மனைவியின் கற்பிலிருந்து வர வேண்டும்? கணிகையின் மகளுக்கு ஊர் கொடுத்த அனுமதிச் சீட்டா அது? இல்லை, ஊர் இரண்டாகப் பிரித்துவைத்த பெண்களை ஒரே பாத்திரத்தின் இருபுறமும் நிறுத்திப் பார்க்கிறாரா சாத்தனார்? நான் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் முதல் கேள்வி முழுசாகப் போய்விடவில்லை.

தியரி கட்டுறதுன்னா இங்கேயிருந்து கட்டலாம்.