கொஞ்சம் நாகரிகமா வரைஞ்சிருக்கலாம்லா

2017 நவம்பர் முதல் வாரத்தில் திருநெல்வேலியில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. கார்ட்டூனிஸ்ட் பாலாவைச் சென்னையில் அவர் வீட்டில் வைத்துக் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். "அரெஸ்ட் பண்ணது தப்புதான் வே. ஆனாலும் கொஞ்சம் நாகரிகமா வரைஞ்சிருக்கலாம்லா?" சொன்னவர்கள் அதிகாரிகள் இல்லை. புத்தகம் படிக்கிறவர்கள், புதுமைப்பித்தன் எங்க ஊர்க்காரர் என்று மார்தட்டுகிறவர்கள். அவர்களில் ஒருவர், நான் மிகவும் மதிக்கும் பாளையங்கோட்டை அண்ணாச்சி, இன்னும் ஒரு படி மேலே போனார். இணையத்தில் எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் தாங்களாகவே கூடி ஒரு நன்னடத்தை நெறியை வகுத்துக்கொண்டால் போலீஸ் ஏன் வீடு தேடி வரப்போகிறது என்றார். இந்த யோசனை அவ்வப்போது அணைந்து மறுபடி எரிகிற ரகம். யாராவது எதற்காவது கைதாகும்போதெல்லாம் மேலே வரும். நான் இதை எதிர்ப்பவன். ஏன் என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட அந்தப் படத்தையே எடுத்துவைத்துப் பேசலாம்.

நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ். காசிதர்மத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். நால்வரும் பிழைக்கவில்லை. காரணம் கந்துவட்டி. பலமுறை மனு கொடுத்தும் எதுவும் நடக்காமல்தான் வந்திருந்தார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது.

அடுத்த நாள் பாலா ஒரு கேலிச்சித்திரத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். தரையில் ஒரு குழந்தை எரிந்துகொண்டிருக்கிறது. முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் நிர்வாணமாகச் சுற்றி நிற்கிறார்கள். இடுப்புக்குக் கீழே ஆளுக்கொரு ரூபாய் நோட்டுக் கட்டு. கலெக்டர் தரப்பு புகாரின் பேரில் வழக்கு. அவதூறுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 501, ஆபாசத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. நவம்பர் 5 கைது, மறுநாள் ஜாமீன். நெருப்புக்கும் கைதுக்கும் நடுவில் பதின்மூன்று நாள். 2003-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு இந்த வேகம் ஒருநாளும் வாய்த்ததில்லை.

இப்போது படத்துக்கு வருவோம். ஆபாசம் என்றார்கள். உற்றுப் பார்த்தால் இதில் மறைக்க வேண்டியதெல்லாம் மறைக்கப்பட்டேதான் இருக்கிறது. மறைக்கும் பொருள் பணம் என்பதுதான் கண்ணை உறுத்துகிறது. அதே நோட்டுக் கட்டை அவர்கள் சட்டைப்பையில் வரைந்திருந்தால் வெறும் லஞ்சக் குற்றச்சாட்டு. தினசரியில் நாம் பார்த்துச் சலித்த படம். இடுப்புக்கு இறக்கியதும் அது மானத்தைப் பற்றிய படமாகிவிடுகிறது. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று பேசும் பேச்சுக்கு நம் பக்கத்தில் மானம் போச்சு என்றுதான் பெயர். அந்தக் குடும்பம் கொக்கிரகுளத்துக்கு எடுத்து வந்தது அதைத்தான். மானம் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று படம் ஆளை மாற்றிக் காட்டுகிறது. உடுப்பைக் கழற்றாமல் இதை எப்படிக் காட்டுவது? நாகரிகமாக வரையப்பட்ட இந்தப் படம் வேறொரு படம். ஒருவேளை மூவரும் தலைகுனிந்து நிற்பார்கள், ஓரத்தில் நீதிதேவதை கண்ணீர் விடுவாள். அப்படிப் படங்கள் அந்த வாரம் வராமலா போயிருக்கும்? ஒன்றாவது நினைவிருக்கிறதா?

எரியும் குழந்தையை வரைந்ததுதான் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அது பொறுக்க முடியாத படம்தான். ஆனால் நிஜ நெருப்பின் வீடியோ கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. அதை அனுப்பியவர்களிடம் நாகரிகத்தைப் பற்றி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வீடியோவில் அதிகாரிகள் இல்லை, படத்தில் இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

தானாக ஏற்கும் நெறிமுறை என்ற சரக்கு நம்மூரில் விளைந்ததில்லை. 2007 மார்ச்சில் கேத்தி சியரா என்ற அமெரிக்க எழுத்தாளருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பயந்து அவர் மேடைப் பேச்சை ரத்து செய்தார். அடுத்த மாதம் பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி வலைப்பதிவர்களுக்கான நடத்தை நெறி ஒன்றின் வரைவை முன்வைத்தார். ஏற்கிறவர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு சின்னத்தை மாட்டிக்கொள்ளலாம். ஏற்காதவர்களுக்கும் ஒரு சின்னம் உண்டு, இங்கே எதுவும் நடக்கும் என்ற பொருளில். பதிவர்கள் பலர் கொந்தளித்தார்கள், திட்டம் அப்படியே அமுங்கிப்போனது. கொந்தளித்தவர்களில் சிலர் சியராவுக்கு நேர்ந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது அசிங்கம். பெண்கள் இணையத்தில் எழுதினால் என்ன வருகிறது என்று தமிழில் எழுதும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். அது குற்றம். அதற்குச் சட்டம் இருக்கிறது, வழக்குப் போட வேண்டும், போலீஸ் புகாரை வாங்க வேண்டும். கொலை மிரட்டல் விடுகிறவன் நெறிமுறையில் கையெழுத்துப் போட்டுவிட்டா விடுவான்? கையெழுத்துப் போடுகிறவர்கள் எப்போதும் ஏற்கெனவே யோசித்து எழுதுகிறவர்கள். அடுத்த முறை அவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகம் யோசிப்பார்கள்.

அந்த வரைவில் இரண்டு விதிகள் எனக்குச் சுவாரசியமானவை. ஒன்று, பெயரிலிகளுக்கு இடமில்லை. புதுமைப்பித்தன் ரசமட்டம் என்ற பெயரில் ஒளிந்துகொண்டு சக எழுத்தாளர்களை வாங்கு வாங்கென்று வாங்கியவர். (ரசமட்டம் கொத்தனார் கையில் இருக்கும் கருவி, சுவர் கோணலா என்று பார்க்க. பெயர் வைப்பதிலேயே என்ன குசும்பு.) இன்னொன்று, நேரில் சொல்லத் துணியாத எதையும் இணையத்தில் சொல்வதில்லை என்ற உறுதிமொழி. கேட்க அழகாக இருக்கிறது. சமமான இரண்டு பேர் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுவதை மனதில் வைத்து எழுதிய விதி அது. கலெக்டர் மேஜைக்கு முன்னால் கைகட்டி நிற்கிறவனுக்கு அது பொருந்துமா? காசிதர்மத்துக்காரர் நேரில்தான் சொன்னார். திரும்பத் திரும்ப நேரில் வந்து, மரியாதையாக, மனுவாக எழுதிச் சொன்னார். நெறிமுறை எதிர்பார்க்கும் அத்தனை பண்போடும் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"தானாக" என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை நாமக்கல்லில் பார்த்தோம். 2015 ஜனவரி 12-ல் 'மாதொருபாகன்' விவகாரத்தில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக்கும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதற்கும் கையெழுத்திட்டார். யாரும் நூலைத் தடை செய்யவில்லை. தடை என்றால் ஆணை இருக்கும், காரணம் இருக்கும், எதிர்த்து வாதாட ஒரு கோர்ட் இருக்கும். இங்கே இருந்தது எழுத்தாளரின் சொந்தக் கையெழுத்து மட்டும். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்ததற்குப் பின்னால் இருந்த அவமானம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை 5 வரை ஆயிற்று.

அறிவுரை எப்படிச் சட்டமாகும் என்பதற்கு 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் உதாரணம். இணையத்தில் செய்தியும் நடப்பு விவகாரமும் வெளியிடுவோருக்கு ஒரு நெறித்தொகுப்பு. அதன் முதல் சரக்கு பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகள். பத்திரிகைகள் தாங்களாக மதிக்க வேண்டிய அறவுரையாக இருந்தவை அவை. விதிகளுக்குள் வந்ததும் அவற்றின் உச்சியில் அமைச்சகக் குழு உட்கார்ந்தது. முதல் படி சுயக் கட்டுப்பாடு, இரண்டாம் படி சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்றாம் படி சர்க்கார். இதன் முக்கியப் பிரிவுகளுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. டி.எம். கிருஷ்ணாவும் மற்றவர்களும் தொடுத்த வழக்குகளில் அந்தத் தடை நாடு முழுமைக்கும் பொருந்த வேண்டும் என்று செப்டம்பரில் சென்னையில் சொன்னார்கள். போலீஸ் வராமலிருக்க நாமே எழுதிக்கொள்ளலாம் என்கிறார் அண்ணாச்சி. நாம் எழுதி வைத்தால் அவர்கள் வரும்போது எழுதும் வேலை மிச்சம்.

எங்கள் ஜில்லாவுக்கு இதில் பழைய பங்கு ஒன்றும் உண்டு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த சிரிப்புக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன், தாமிரபரணிக் கரைச் சேரன்மகாதேவித் தொகுதிக்காரர். மன்னிப்புக் கேட்டிருந்தால் சிறை இல்லை. அவர் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள். அந்த ஜோக் பிரமாதமான ஜோக் ஒன்றுமில்லை. ஆனால் அது சுமார் என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதே அது அச்சில் வந்ததால்தான்.

பாலாவின் படத்தோடும் எனக்குத் தகராறு உண்டு. முதலமைச்சரைச் சேர்த்தது படத்தைப் பெரிதாக்குவதுபோல் தோன்றினாலும் அதன் கூர்மையைக் குறைக்கிறது. கொக்கிரகுளத்து வராந்தாவில் நடந்த குற்றம் கோட்டைவரை நீட்டப்பட்டு, வழக்கமான அரசியல் கிண்டலின் சாயல் விழுந்துவிடுகிறது. வட்டிக்கு விட்டவன் படத்தில் எங்குமே இல்லை. பணம் யாருடையது என்று காட்டும் ஒரு கை, ஒரு மோதிர விரல்கூட இல்லை. இரண்டு அதிகாரிகளும் அந்தக் கையும் போதும் என்பது என் கட்சி. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்போ நீயும் அவன் ஒழுங்கா வரையலன்னுதானடே சொல்லுத?" என்றார். ஆமா அண்ணாச்சி, வரைஞ்சதுக்கப்புறம் சொல்லுதேன், என் பேரைப் போட்டுச் சொல்லுதேன் என்றேன். அவருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.