மாசும் மருமமும்: திகில்நாவலில் அச்சத்தின் நிலைக்களன்

திகில்நாவல் திறனாய்வாளரின் கண்ணுக்குப் பெரும்பாலும் படுவதில்லை. படுமாயினும், பொழுதுபோக்குக்கு உரியது என ஒரு சொல்லால் ஒதுக்கப்பெறும். ஒதுக்குதற்குரிய நூல்கள் அவ்வகையிற் பல உண்டு என்பதை மறுப்பார் இலர். ஆயினும், ஒரு திகில்நாவலின் ஆசிரியர் அந்நாவலின் வாயிலாகவே ஒரு பெருநாட்டின் சட்டமன்றக் குழுவின்முன் சான்று கூறும் நிலையை எய்தினார் எனின், அந்நாவலின் கட்டமைப்பு ஆராய்தற்குரியதே ஆகும். அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கிரைட்டன் 2005ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நாட்டுச் செனட் அவையின் சுற்றுச்சூழற் குழுவின்முன் அங்ஙனம் சான்று கூறினார். அதற்கு வாயிலாய் அமைந்தது 2004 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' என்னும் நாவல். 'அச்ச நிலை' என்பது அப்பெயரின் பொருள்.

அதே 2004இல், மனிதன் சூழலைக் கெடுத்தலைப் பொருளாகக் கொண்ட வேறு இரு திகில்நாவல்களும் வெளிவந்தன. ஒன்று ஜெர்மானியராகிய பிராங்க் ஷெட்சிங் எழுதிய 'டெர் ஷ்வார்ம்'. தமிழில் 'திரள்' எனலாம். மற்றொன்று புளோரிடா மாநிலத்தவராகிய கார்ல் ஹயாசன் எழுதிய 'ஸ்கின்னி டிப்'. மூன்றும் பல்லாயிரவர் விரும்பிப் படித்தவை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வாராதவை. இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், மாசு போன்ற ஒரு பொருளைச் சுவைபடச் சொல்லும்போது மெய்ம்மை எவ்விடத்தில் கெடுகின்றது, எவ்விடத்தில் கெடாது நிற்கின்றது என்பது புலனாகும்.

இப்பொருள் நாவலுக்கு எளிதில் இசைவதன்று என்பதை அமிதவ் கோஷ் 2016இல் வெளியிட்ட 'தி கிரேட் டிரேன்ஜ்மென்ட்' என்னும் நூலில் விரித்துரைத்தார். நாள்தோறும் காணும் இயல்பு வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு வளர்ந்தது தற்கால நாவல். ஆதலின் வழக்கத்திற்கு மாறான பெரும்புயலும் வெள்ளமும் அதனுட் புகுந்தால் நம்பத்தகாதனவாய்த் தோன்றுகின்றன. எனவே அவை அறிவியற் புனைகதை முதலிய வகைகளுக்குத் தள்ளப்படுகின்றன என்பது அவர் கருத்து. தள்ளப்பட்ட இடத்தில் அப்பொருள் என்ன ஆகின்றது என்பதே நம் வினா. திகில்நாவலுக்கு நம்பத்தகாமை ஒரு தடையன்று. அதற்குள்ள இடர் வேறு: அதற்கு ஒரு பகைவன் வேண்டும். மாசுக்கோ முகம் இல்லை. வானிற் கலக்கும் கரியமிலவாயுவில் இஃது இன்னார் வீட்டுப் புகை என்னும் குறியீடு இல்லை. அதனால் உறும் கேடு பல ஆண்டுகள் கழித்து, புகைத்தவனை அறியாத ஒருவனை வேறொரு நாட்டில் தாக்கும். எல்லோராலும் வருவதும் மெல்ல வருவதும் ஆகிய ஒன்றனைக் கொண்டு படிப்போன் நெஞ்சைத் துடிக்கச் செய்வது எவ்வாறு?

ஈண்டுத் தொல்காப்பியர் துணை நிற்கின்றார். மெய்ப்பாட்டியலில் அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வரையறுத்து, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அவர் எண்ணினார். அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் போல்வன. இறை என்பது அரசன் போல நம்மேல் ஆணை செலுத்துவோர். நான்கும் விருப்பும் செயலும் உடையன. நம்மை நோக்கி வருவன. வெயிலும் வெள்ளமும் பஞ்சமும் அவ்வெண்ணில் இடம்பெறவில்லை. இது மறதியால் நேர்ந்ததாகத் தோன்றவில்லை. நிலமும் பொழுதும் தொல்காப்பியர்க்கு முதற்பொருள். அவை நிகழ்ச்சிக்கு இடந்தருவன, நிகழ்ச்சியைச் செய்வன அல்ல. பாலைப் பாடல்களை நோக்குக. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாதலை இளங்கோவடிகள் கூறியுள்ளார். எனவே நிலம் தன் இயல்பு இழத்தல் நம் இலக்கியத்திற்குப் புதிய செய்தியன்று. அச்சுரத்தின் வெம்மையை நினைந்து தலைவி வருந்துவாள். ஆயின் அச்சம் முனைந்து தோன்றுமிடம், ஆறலை கள்வரும் நீர்வேட்கையால் நிலைதடுமாறிய யானையும் வருமிடமே. வெயில் அவர்களைக் கொடியர் ஆக்கிவிட்டுப் பின்னே நிற்கின்றது. பழந்தமிழ் அளவுகோலை இக்காலப் பிறமொழி நாவலின்மேல் வைத்தல் தகுமோ எனின், வைத்துப் பார்த்தன்றோ அதனை அறிதல் வேண்டும்.

கிரைட்டன் தேர்ந்தது கள்வரை. சூழலைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தீவிரக் கூட்டம், புவி வெப்பமடைதலைப்பற்றிய அச்சத்தை மக்களிடையே பெருக்கும்பொருட்டுப் பேரழிவுகளைச் செயற்கையாக உண்டாக்க முயல்கின்றது. அண்டார்க்டிகாவில் பெரும் பனித்தளத்தைப் பிளத்தல், அரிசோனாவில் திடீர் வெள்ளம் எழுப்புதல், சாலமன் தீவுகளின் பக்கம் ஆழிப்பேரலையைத் தோற்றுவித்தல் என அதன் சூழ்ச்சிகள் விரிகின்றன. ஓர் இளம் வழக்கறிஞரும் கென்னர் என்னும் பேராசிரியரும் உலகைச் சுற்றிவந்து அவற்றைத் தடுக்கின்றனர். நீல வளையங்கொண்ட பேய்க்கணவாயின் நஞ்சால் ஆட்களை முடக்கும் கொலைஞரும் இடையே வருகின்றனர். கதை நடத்துவதில் கிரைட்டன் கைதேர்ந்தவர்; பனிப்பிளவில் வீழ்ந்தோர் மீளும் பகுதியை யாரும் இடையில் நிறுத்திப் படிக்கமாட்டார்.

ஆனால் இக்கதைப்பின்னல் தன் பொருளைத் தலைகீழாக்குகின்றது. திகில்நாவலுக்குக் கள்வர் வேண்டும். காலநிலை மாற்றத்தில் அத்தகைய கள்வர் இல்லை. ஆதலின் காலநிலைக் கேடு என்பதே கள்வரின் புனைவு ஆகிவிடுகின்றது. ஆசிரியரின் ஐயப்பாடு இக்கதையைப் பிறப்பித்ததோ, கதையின் தேவை அவர் ஐயப்பாட்டை வளர்த்ததோ எனப் பிரித்தறிதல் அரிது. இதனோடு அமையாது வரைபடம், அடிக்குறிப்பு, பின்னிணைப்பு, நூற்பட்டியல் ஆகியவற்றையும் அவர் சேர்த்தார். அடிக்குறிப்புகள் மெய்யானவை என்று முகப்பிலேயே அறிவித்தும் வைத்தார். ஆராய்ச்சி மாணவர் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். அடிக்குறிப்பு நம் தொழிற்கருவி. ஒரு கூற்றுக்கு நாம் பொறுப்பேற்கும் இடம் அது. கதைமாந்தர் வாயில் வைத்த கூற்றுக்கு அடிக்குறிப்பு இட்டால், பொறுப்பு மாந்தரதா ஆசிரியரதா என்பது மறைந்துபோகின்றது. அண்டார்க்டிகாவின் ஒரு பகுதி குளிர்ந்தமைபற்றி ஆராய்ந்த பீட்டர் டோரன் என்னும் அறிவியலார், தம் ஆய்வு புவி வெப்பமடைதலுக்கு எதிரான சான்றாக இந்நாவல் முதலியவற்றில் தவறாகக் கையாளப்பட்டது என 2006இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலார் கழகம் இந்நூலையும் கருதிக் கிரைட்டனுக்குப் பரிசு ஒன்று அளித்தது. அஃது இதழியலுக்கான பரிசு! நாவலுக்கு இதழியற் பரிசு அளிக்கப்பெறுமாயின், புனைவுக்கும் செய்திக்கும் இடையே வரம்பு யாண்டுளது?

ஷெட்சிங் பற்றிய வண்ணனை சுருக்கமாகவே அமையலாம். ஆயிரம் பக்க அளவினதாகிய அவர் நாவலில் அச்சம் விலங்கிலிருந்து தொடங்கி அணங்கில் முடிகின்றது. வான்கூவர்த் தீவின் அருகே திமிங்கிலங்கள் படகுகளைத் தாக்குகின்றன. நார்வேக் கடலடியில் புழுக்கள் மீத்தேன் உறைந்த பனியைத் துளைக்கின்றன. கடலடிச் சரிவு நழுவ, வட ஐரோப்பாவை ஆழிப்பேரலை கொள்கின்றது. ஓரணு உயிர்கள் திரண்டு ஆகிய ஒரு பேரறிவு கடலடியில் இருந்துகொண்டு, கடலைக் கெடுத்த மனிதனை ஒறுக்கின்றது என்பது இறுதியில் வெளிப்படுகின்றது. அறிவியற் செய்திகளை இவர் திரிக்கவில்லை. மீத்தேன் பனியின் இயல்பு, நார்வேக் கடலில் ஏறத்தாழ 8,200 ஆண்டுகட்கு முன் நேர்ந்த பெருஞ்சரிவு முதலியன மெய்யானவையே. ஆயின் முதற்பொருளாகிய கடலுக்குச் சினமும் திட்டமும் தந்தவுடன், மாசு ஒரு போர் ஆகிவிடுகின்றது. போரில் உடன்படிக்கை உண்டு. கரியமிலவாயுவோடு உடன்படிக்கை செய்வார் யார்? கிரைட்டன், ஷெட்சிங் ஆகிய இருவர் கதையிலும் ஆழிப்பேரலை உண்டு. இரண்டும் அவ்வாண்டு டிசம்பர் 26க்கு முன்னரே அச்சேறின. அந்நாளில் நாகப்பட்டினக் கடற்கரையை அழித்த அலையின் பின்னே கள்வரும் இலர், அணங்கும் இல்லை. சுமத்திராவின் பக்கத்தே கடலடி நிலம் நழுவிற்று, அவ்வளவே.

ஹயாசனின் நாவலை இம்மூன்றனுள் சிறந்தது எனத் துணிந்து கூறுவேன். அவர் மயாமி ஹெரால்டு நாளிதழில் 2021 வரை நெடுங்காலம் பத்தி எழுதியவர். தம் மாநிலத்துச் சதுப்புநிலத்தை நன்கு அறிந்தவர். எவர்கிளேட்ஸ் எனப்படும் அந்நிலம் ஊட்டம் மிகக் குறைந்த தெளிநீரில் வாழ்வது. வடக்கே உள்ள பண்ணைகளின் உரத்திலிருந்து பாஸ்பரஸ் கலந்த நீர் வடிந்து வரின், தொன்றுதொட்டு அங்கு வளரும் அரம்போன்ற விளிம்புடைய புல் மறைந்து, சம்பங்கோரை மண்டிவிடும். நூறு கோடிப் பங்கு நீரில் பத்துப் பங்கு பாஸ்பரஸ் என்பது அந்நிலத்திற்கு வகுக்கப்பட்ட வரம்பு. இத்துணை நுண்ணிய அளவை வைத்து ஒரு திகில்நாவல் எழுத இயலுமோ என நாம் ஐயுறலாம்.

சாஸ் பெரோன் என்பவன் உயிரியல் கற்றவன். சதுப்புநிலத்து நீரின் மாதிரியை எடுத்துப் பாஸ்பரஸ் அளவைக் குறிக்கும் பணியில் இருப்பவன். ஹாமர்நட் என்னும் பெரும்பண்ணையாளனிடம் கையூட்டுப் பெற்று எண்களைக் குறைத்து எழுதுகின்றான். தன் மனைவி ஜோயி அதனைக் கண்டுகொண்டாள் என ஐயுற்று, சொகுசுக் கப்பலிலிருந்து அவளைக் கடலில் தள்ளிவிடுகின்றான். நாவல் அங்கே தொடங்குகின்றது. மிதந்துவந்த கஞ்சாப் பொதி ஒன்றைப் பற்றி அவள் உயிர்பிழைக்கின்றாள். கணவன் தன்னை ஏன் தள்ளினான் என்பது அவளுக்கே தெரியாது. அதனைத் துருவிச் செல்லும் அவளைப் பின்தொடர்ந்து செல்லும் நாம், இறுதியில் சென்றடைவது பாஸ்பரஸ் அளவை. மாசு இந்நாவலில் அச்சுறுத்தும் பொருளாக வரவில்லை. மருமத்தின் விடையாக வருகின்றது. இதுவே இதன் சிறப்பு. கிரைட்டன் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரிவுரையாற்றுகின்றார். ஹயாசன் ஒரு கொலைமுயற்சிக்குக் காரணம் தேடச்செய்து, படிப்போன் தானே விரும்பி நீரின் தூய்மையைப்பற்றிக் கேட்டறியுமாறு செய்துவிடுகின்றார்.

ஈண்டும் அச்சத்தின் நிலைக்களன் கள்வனே. ஆயின் இக்கள்வன் திருடியது ஓர் எண். நிலமும் நீரும் முதற்பொருளாகவே நின்று, அமைதியாகக் கெட்டுக்கொண்டிருக்கின்றன; செயல் முழுதும் மாந்தரிடத்தே நிகழ்கின்றது. நகையும் இதற்குத் துணைசெய்கின்றது. பாம்புக்கும் முதலைக்கும் அஞ்சி, நீரில் இறங்கவே அருவருக்கும் ஓர் உயிரியலானைக் கண்டு நாம் எள்ளி நகைக்கின்றோம். எள்ளல் நகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று எனத் தொல்காப்பியர் கூறியதை அறிவோம். அச்சத்தோடு எள்ளல் சேர்ந்தமையால், படிப்போன் தன் கையாலாகாமையை எண்ணி மடிந்துபோகாமல் கதையைத் தொடர்கின்றான்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. பாஸ்பரஸ் வடியும் பண்ணைக்கு வாயில் உண்டு, உடையவன் உண்டு. வானைச் சூடாக்கும் வாயுவுக்கு அத்தகைய ஒரு வாயில் இல்லை. எனினும் மறைத்தலுக்கு வாயில் உண்டு. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் அறிவியலார் 1977 முதல் 2003 வரை செய்த வெப்பக் கணிப்புகள் பின்னர் நிகழ்ந்ததோடு பெரிதும் ஒத்திருந்தன என்பதும், அந்நிறுவனம் வெளியே ஐயங்களை எழுப்பி வந்தது என்பதும் 2023இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வால் உறுதிப்பட்டன. சாஸ் பெரோன் திருத்தி எழுதிய எண்ணை ஒத்ததோர் எண், காலநிலை மாற்றத்திலும் யாரோ ஒருவர் கோப்பில் இருந்தது. அதனைத் தேடிச்செல்லும் திகில்நாவலுக்கு அணங்கும் வேண்டா, ஆழிப்பேரலையும் வேண்டா.

கள்வனைக் கொண்டும் காலநிலையைப் பொய்யாக்காது எழுதலாம் என்பதற்கு, 2020இல் வெளிவந்த கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்' சான்று. திகில்நாவல் என்று அதனை முழுதும் கூறுதல் பொருந்தாது. ஆயினும் அதன் தொடக்கம் அவ்வகையின் வன்மை அனைத்தும் உடையது. உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில், ஈரமும் வெம்மையும் மிகுந்து வியர்வை உடலைக் குளிர்விக்க இயலாத வெப்பம் சூழ்கின்றது. மின்சாரம் அற்றுப்போக, மருத்துவ நிலையம் ஒன்றில் மின்னாக்கியாலும் ஒரு குளிரூட்டியாலும் மக்கள் உயிர்பிடித்துக் கிடக்கின்றனர். அப்போது துப்பாக்கியோடு சிலர் புகுந்து, அவ்விரண்டையும் எடுத்துச் செல்கின்றனர். பாலைப் பாடல் கற்றவர்க்கு அவர்களை அடையாளம் காட்டவேண்டுவதில்லை. ஆறலை கள்வர் அவர்களே. வெயில் அவர்களைக் கள்வர் ஆக்கிற்று. அவர்கள் போனபின்பும் வெயில் நிற்கின்றது. எஞ்சியோர் ஏரி நீருள் இறங்குகின்றனர். நீரும் சூடாகவே உள்ளது.

அவ்விரவில் உயிர்தப்பிய அமெரிக்கன் பிராங்க், பின்னர்ச் சூரிச் நகரில் காலநிலை அமைப்பின் தலைவியாகிய மேரியைப் பிடித்து, அவள் வீட்டிலேயே ஓரிரவு அடைத்துவைத்து, நீங்கள் ஏன் போதிய அளவு செய்யவில்லை என்று வினவுகின்றான். கள்வனாய்ப் புகுந்தவன் குடியாகவும், அஞ்சுகின்றவள் இறையாகவும் அமைந்த காட்சி இது. அவள் உயிர்க்காக அஞ்சிக்கொண்டே, அவன் வினாவிற்கு விடையையும் நாம் எதிர்பார்க்கின்றோம். இந்நாவலின் குறையும் இதனை அடுத்தே உள்ளது. கிரைட்டன் புனைந்த கூட்டத்தை ஒத்ததொரு வன்முறைக் கூட்டம் ராபின்சனிடமும் உண்டு. அது வானூர்திகளை வீழ்த்துகின்றது. பயணம் செய்தோர் மடிகின்றனர். அதனை அவர் செய்தித்தாள் நடையிற் சில பத்திகளில் சொல்லிக் கடந்துவிடுகின்றார். அவ்வானூர்தியுள் ஓர் இருக்கையேனும் நமக்குக் காட்டப்பெறவில்லை. மருத்துவ நிலையத்துட் புகுந்த கள்வரை அத்துணை அணுக்கமாகக் காட்டிய கை, தான் பரிவு கொண்ட கள்வரிடத்துப் பின்வாங்குகின்றது. கிரைட்டன் அவ்விடத்தில் பின்வாங்கியிருக்கமாட்டார்.