யாழ்முரியும் தொடுபரப்புக் கருவியும்

கருவி பெரிதா, குரல் பெரிதா என்னும் வினா தமிழிசைக்குப் புதியதன்று. பெரியபுராணத்தில் சேக்கிழார் அதனை ஒரு நிகழ்ச்சியாகவே காட்டுகிறார். ஞானசம்பந்தரின் பதிகங்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழினாலேயே சிறப்பெய்துகின்றன என்று தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார் கூறினர். மனம் வருந்திய பாணர், யாழில் அடங்காத பதிகமொன்று பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் தோற்றது. பாணர் அதனை உடைக்க முற்பட்டபோது சம்பந்தர் தடுத்து, கருவிக்கு இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தார். அப்பதிகமே யாழ்முரி.

யாழ் ஏன் தோற்றது? அதில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உண்டு. நம் பண்ணோ சுரங்களில் மட்டும் வாழ்வதன்று. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்குச் செல்லும் வழியிலும், சுரம் தன்னிடத்தில் அசையும் அசைவிலும் வாழ்வது. அவ்வசைவே கமகம். தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தினால் தோடி தோன்றாது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971-இல்தான் தளர்ந்தது. கட்டைகளுக்கிடையே குரல்போல் இழைய இயலாமை அதற்குக் கூறப்பட்ட தலையாய காரணங்களுள் ஒன்று. பிடிலும் மேல்நாட்டுக் கருவியே. ஆயினும் பாலுசுவாமி தீட்சிதர் காலந்தொட்டு அது நம் அரங்கில் நிலைத்தமைக்குக் காரணம், விரல் வழுக்கிச் செல்ல அதில் தடையின்மையே. ஆகவே, கருவியின் பிறப்பிடம் பொருட்டன்று. சுரங்களுக்கிடையே வழி உண்டா என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலைக்கொண்டு இன்றைய மின்னிசைக் கருவிகளை நோக்குவோம். வழக்கமான கீபோர்டு நூற்றுக்கணக்கான ஒலிகளைத் தரும். எனினும் அதன் கட்டைகள் ஆர்மோனியக் கட்டைகளே. பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருகிக் கமகம் காட்டும் திறமுடையோர் உளர்; அஃது அவர்தம் உழைப்பின் பெருமையேயன்றிக் கட்டையின் பெருமையன்று. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய ‘கண்டினியம்’ என்னும் கருவியில் தனித்தனிக் கட்டைகளே இல்லை. நீண்ட மென்பரப்பு ஒன்றே உண்டு. விரல் இடவலமாக நகர்ந்தால் சுருதி மாறும். முன்பின்னாக நகர்ந்தால் ஒலியின் நிறம் மாறும். அழுத்தம் கூடினால் ஒலி பெருகும். இவை ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே நிகழும்.

ஏ. ஆர். ரகுமான் 2009-இல் வெளிவந்த ‘டில்லி-6’ என்னும் இந்திப் படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலின் இறுதியில் இக்கருவியை வாசித்துள்ளார். சொற்கள் ஓய்ந்த பின்னும் குரல் மட்டும் தொடர்வதுபோன்ற உணர்வை அவ்வாசிப்புத் தருகிறது. பாடலைக் கருவி விழுங்கிவிடாமல், பாடல் முடிந்த இடத்தில் அதனைத் தொடரவிட்டமை பாராட்டத்தக்கது. ஆயினும், அதில் மயங்கும் இளைஞர் ஒன்றை உணர்தல் வேண்டும். இழைவு வேறு, கமகம் வேறு. வழுக்கும் பரப்பில் விரலை இழுத்தால் எவர்க்கும் இழைவு வரும். கமகத்திற்கோ புறப்படும் இடம், சேரும் இடம், கால அளவு ஆகிய மூன்றும் உண்டு. அம்மூன்றையும் பரப்பு கற்பிக்காது, செவியே கற்பிக்கும்.

கருவி தேர்வோர் மூன்றினை நோக்குதல் நலம். முதலாவது பரப்பு. ரோலி நிறுவனத்தின் ‘சீபோர்டு’ கட்டைகளின் வடிவை மென்மையான சிலிக்கோனில் அமைத்துள்ளது. ‘ஒஸ்மோஸ்’ கருவியின் கட்டைகளைப் பக்கவாட்டில் அசைக்கலாம். கீபோர்டு பழகிய கைக்கு இவை எளியன. பிடில் பழகிய கைக்குக் கண்டினியம் நெருக்கமானது. இரண்டாவது, கருவி தானே ஒலிக்குமா என்பது. ராஜர் லின்னின் ‘லின்ஸ்ட்ரூமெண்ட்’ தானாக ஒலி எழுப்பாது. அதற்குக் கணினியோ வேறு ஒலிக்கருவியோ துணைவேண்டும். மூன்றாவது, சுருதித் திருத்தம். விரல் சற்று விலகினும் அருகிலுள்ள சுரத்திற்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு கண்டினியத்தில் உண்டு. அதனைக் கூட்டலாம், குறைக்கலாம். தொடக்கத்தில் அஃது ஊன்றுகோல். முழுதும் கூட்டிவிட்டாலோ, பல்லாயிரம் ரிங்கிட் கொடுத்து மீண்டும் ஆர்மோனியத்தையே வாங்கியவராவோம். தம்பூராச் சுருதி ஒலிக்க, வாயாற் பாடியதை விரலால் தொடர்வதே நற்பயிற்சி.

ஈப்போவில் இருந்துகொண்டு இவற்றை நாம் ஏன் எண்ணவேண்டும்? பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பஜனைக்கு ஆர்மோனியம் துணைநின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின், அவ்விடத்தைக் கீபோர்டு பற்றிக்கொண்டது. திருமுறை ஓதும் விழாவுக்கு ஆயத்தமாகும் மாணவருள் அதன் கட்டைகளையொட்டியே பதிகம் பயில்வோர் உளர். கட்டை காட்டாத அசைவு குழந்தையின் செவிக்கு எட்டுவதில்லை. செவிக்கு எட்டாதது குரலில் வாராது. யாழ்முரியை இன்று ஓதுவார் அடாணாவில் பாடுகின்றனர். அதனைக் கட்டையோடு மட்டும் பயிலும் பிள்ளை, அன்று யாழுக்கு நேர்ந்த தோல்வியைத் தன் குரலில் ஏற்றுக்கொள்கிறது. யாழை வென்ற குரல் கீபோர்டுக்கு அடங்கிப்போவது முறையாகுமா?

பள்ளிகள் விலையுயர்ந்த கருவிகளை வாங்கவேண்டும் என்பதன்று என் கருத்து. சுருதிப் பெட்டி ஒன்றும், பண்ணறிந்த ஆசிரியரின் குரலும் போதும். அவற்றோடு வளர்ந்த மாணவன் நாளை கண்டினியத்தைத் தொட்டால் அது பாடும். அவையின்றி வளர்ந்தவன் தொட்டால் வழுக்கும். சம்பந்தர் சுட்டிய ‘இயன்ற அளவு’ இப்புதிய கருவியில் மிகுந்துள்ளது. அவ்வளவை நிரப்பவேண்டியது பாடிப் பழகிய செவியே.