கலப்புப் பாகம் கலப்படமா?

எம்1 கேரண்ட் ரைஃபிள் ஒன்று கிடைக்கிறது. ரிசீவர் 1943-ல் செய்தது, குழல் கொரியப் போர்க்காலத்தது, டிரிகர் வின்செஸ்டர். சேகரிப்பாளர்கள் சிலர் "கலப்படம், சீரமைச்சுப் பிரயோஜனமில்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள். சிலர் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் 1943-க்கு மாற்றுவார்கள். எனக்கு ரெண்டுமே சரியாப் படலை.

ஜெர்மன் கே98கே-யில் பாகத்துக்குப் பாகம் எண் பொறித்திருக்கும். அங்கே ஒத்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. கேரண்டில் வரிசை எண் ரிசீவரில் மட்டும்தான். எந்தத் தொழிற்சாலைப் பாகமும் எதிலும் பொருந்தணும் என்பதுதான் திட்டமே. போருக்குப் பின் அமெரிக்க ராணுவப் பணிமனைகள் இவற்றைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, இருப்பிலிருந்ததைப் பூட்டி அனுப்பின. ஆக, கலப்புதான் அதன் சேவை வரலாறு. அதை அழித்தால் மிஞ்சுவது, இன்றைக்குக் கோத்த ஒரு '1943'.

சீரமைக்கலாம், தாராளமாக. துருவை நீக்குங்கள், தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். சுடுவதென்றால் ஹெட்ஸ்பேஸை அளந்தே ஆகணும். மரக்கட்டையை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பரிசோதகர், பணிமனை முத்திரைகள் அந்த மேல்பரப்பில்தான் இருக்கின்றன. போனா போனதுதான்.