காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கேன்யன்லாண்ட்ஸ் பள்ளத்தாக்குகளுக்கு முதன்முறையாகக் குடும்பத்தோடு ஜீப்பில் போகிறவர்கள் எஞ்சின் பலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என் ஓட்டு, சட்டைப்பையில் அடங்கும் ஏர் கேஜுக்கு. தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரை 20 அளவுக்கு இறக்கினால், அது தரையில் நீளவாக்கில் படிகிறது. மணலில் அவ்வளவாகப் புதைவதில்லை, கல்லின் மேல் ஏறும்போது விறைத்துக் குதிக்காமல் வளைந்துகொடுக்கிறது. பின்சீட்டுப் பிள்ளைகளின் முதுகும் தப்பிக்கும். காற்று குறைந்த டயர் கெட்டுப்போகாதா என்பார்கள். வேகமாக ஓட்டினால் சூடேறிக் கெடும், சட்டென்று ஒடித்தால் ரிம்மை விட்டுக் கழலவும் கூடும். ஆனால் கேன்யன்லாண்ட்ஸில் 1950-களில் யுரேனியத்துக்காகப் போட்ட வொயிட் ரிம் பாதையில் வேகத்துக்கு ஏது வழி? திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் மட்டும் காற்றை நிரப்பியாக வேண்டும். ஆகவே கேஜோடு ஒரு சிறிய கம்ப்ரஸரும் வாங்கிவிடுங்கள்.