12 ஆசிலேட்டர், 72 கட்டை

1939-ல் ஹாமண்ட் கம்பெனி கொண்டுவந்த நோவாகார்டில் 72 கட்டைகள். ஆசிலேட்டர்கள் வெறும் 12தான். மேல் ஸ்தாயியின் 12 சுரங்களை மட்டும் உருவாக்கி, அதிர்வெண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் கீழ் ஸ்தாயிகள் எல்லாம் கிடைத்துவிடும். 12 இடத்தில் சுருதி சேர்த்தால் போதும். எஞ்சினியராகப் பார்த்தால் கைதட்டத்தான் தோணுது.

ஆனா காதுக்கு இது போதாது என்பது என் கட்சி. குழாய் ஆர்கனில் ஒவ்வொரு குழாயும் மயிரிழை விலகி ஒலிக்கும். அந்த உரசலில்தான் உயிர் இருக்கு. இங்கே ஒரே சுரத்தின் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் பூட்டு போட்ட மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. 1974-ல் வந்த சோலினா இதே வகுத்தல் முறையை வைத்துக்கொண்டு, மேலே ஒரு கோரஸ் சர்க்யூட்டைச் சேர்த்தது. சிக்கனத்தில் போன பிசிறை இன்னொரு சர்க்யூட் போட்டுத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது!