கணினிக்கு எதிராக நான்கு மணி நேரம்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் அரசுப் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு வந்து சேர்கிறது. ஓட்டுநர் அதே வண்டியை அன்றே இறக்கி, மறுபடியும் ஏற்றுகிறார். அவருடைய அதிவேகப் பயணம் எது என்று யாரும் கேட்பதில்லை. எந்த வளைவில் எந்த கியர், எந்த இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், எங்கே எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். நாள் முழுவதும் தாங்கும் ஒரு வேகத்தை அவருடைய கால் அறிந்திருக்கிறது. எண்டூரன்ஸ் எனப்படும் நெடுநேரக் கார் பந்தயத்துக்கு வேண்டியதும் அந்தக் கால்தான். ஸ்டீயரிங் வீலும் பெடலும் வாங்கி மேசையில் பொருத்தி, கணினிக் கார்களோடு மணிக்கணக்கில் மோத நினைக்கும் நம் பிள்ளைகள் பலரும் இதைக் கவனிக்காமல்தான் ரேஸை அமைக்கிறார்கள்.

நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, தமிழ்நாட்டில் இந்த வகைப் பந்தயத்தின் மேல் ஆர்வம் பெருகியிருக்கிறது. அந்த வாரத்தில் நடந்த இன்னொன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. முன்னே நீண்ட சீசன் இருந்தது. அணியின் நலனைக் கருதி அவர் அந்த முதன்மைக் காரை ஓட்டுவதிலிருந்து விலகி, அணியின் இன்னொரு காரில் மட்டும் ஓட்டினார். முதன்மைக் கார் மேடை ஏறியது. நெடுநேரப் பந்தயத்தில் இப்படிப்பட்ட முடிவுகளுக்கு ஸ்டீயரிங் திறமைக்கு நிகரான மதிப்பு உண்டு. நம்மவர்களுக்கு இதில் முன்வரலாறும் இருக்கிறது. 2009-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போன கோவையின் நரேன் கார்த்திகேயன், பந்தயம் தொடங்கும் முன்பே தோள்பட்டை நழுவியதால் ஓட்ட முடியாமல் போனார். சென்னையின் கருண் சந்தோக் 2012-ல் அங்கே ஓட்டினார்; அவருடைய கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக முடித்தது.

அந்த அனுபவத்தில் ஒரு துளியாவது வீட்டில் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் எதிராளியைச் சரியாக அமைக்க வேண்டும்.

பழைய கேம்களில் இது எவ்வளவு மோசமாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கிரான் டூரிஸ்மோ 4-ல் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் தடத்தில் 24 மணி நேர ரேஸ் இருந்தது. களத்தில் மொத்தமே ஆறு கார்கள். நல்ல காரை எடுத்தால் எதிராளிகளைப் பல லாப் (சுற்று) பின்னால் தள்ளிவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் தனியாகச் சுற்ற வேண்டியதுதான். நமக்குப் பதிலாகக் கணினியையே ஓட்டச் சொல்லும் பி-ஸ்பெக் வசதியை அந்த விளையாட்டே தந்தது. 2010-ல் வந்த அடுத்த பதிப்பில் 24 மணி நேர ரேஸைப் பாதியில் சேமித்து வைக்கக்கூட வழியில்லை. அதற்கு 2011 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேரத்தைக் கொட்டுவதுதான் சவால் என்று அன்று நினைத்தார்கள். எதிராளி சரியில்லாமல் வெறும் நேரத்தை நீட்டினால் மிஞ்சுவது அலுப்பு.

இன்றைய கேம்களில் எதிராளியின் திறனை எண்ணால் கூட்டிக் குறைக்கலாம். ஆட்டோமொபிலிஸ்டா 2-ல் அந்த எண் 70 முதல் 120 வரை போகும். அசெட்டோ கோர்சா காம்படிட்ஸியோனேயில் 80 முதல் 100 வரை. ஒரு கேமின் 100-க்கும் இன்னொன்றின் 100-க்கும் சம்பந்தமில்லை. ஒரே கேமிலும் ஒரு தடத்தில் கணினி வேகமாக இருக்கும், இன்னொன்றில் மந்தமாக இருக்கும். எனவே "நான் 105-ல் ஓட்டுகிறேன்" என்று நண்பர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பெரும்பாலோர் செய்வது இது: பயிற்சியில் தங்களுடைய மிக வேகமான ஒரு லாப்பைப் பார்க்கிறார்கள், கணினியும் அதே நேரத்தில் சுற்றும் வரை எண்ணை ஏற்றுகிறார்கள், ரேஸைத் தொடங்குகிறார்கள். முதல் பத்து நிமிடம் அருமையாகப் போகும். ஒரு மணி நேரத்தில் முன்வரிசைக் கார்கள் கண்ணுக்கு எட்டாது. "கணினி ஏமாற்றுகிறது" என்று அணைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் சுற்றில், ஜிடி3 வகைப் பந்தயக் கார் ஓட்டுகிறீர்கள். உங்களுடைய சிறந்த லாப் 2 நிமிடம் 18.6 வினாடி என்று வைத்துக்கொள்வோம். முழு டேங்க் எரிபொருளோடு 25 லாப் தொடர்ந்து ஓட்டினால் சராசரி 2 நிமிடம் 20.4 வினாடி வருகிறது. வித்தியாசம் 1.8 வினாடி. 25 லாப்பில் அது 45 வினாடி. அப்படி மூன்று டேங்க் ஓடினால் 2 நிமிடம் 15 வினாடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. உங்கள் சிறந்த லாப்புக்கு ஏற்ப அமைத்த எதிராளி களைப்பே அறியாமல் அந்த நேரத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார். உங்களால் முடியாது. எந்த மனித ஓட்டுநராலும் முடியாது.

ஆகவே எண்ணைத் தொடும் முன் தனியாக ஒரு முழு டேங்க் ஓட்டுங்கள். புறப்படும் முதல் லாப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். புல்லில் இறங்கிய லாப், சுழன்று நின்ற லாப், மனம் வேறெங்கோ போன லாப் எதையும் கழிக்காதீர்கள். அவையும் உங்களுடைய ஓட்டம்தான். ரேஸிலும் அவை வரும். பிறகு கணினிக் கார்களை அதே தூரம் ஓடவிட்டு, முடிவுப் பட்டியலில் முதல் மூன்று கார்களின் சராசரியைப் பாருங்கள். அது உங்கள் சராசரியைவிட லாப்புக்கு 0.2 அல்லது 0.3 வினாடி வேகமாக இருக்கும்படி எண்ணை வையுங்கள். அந்தச் சிறு இடைவெளியைத்தான் நான்கு மணி நேரத்தில் நீங்கள் மூளையால் நிரப்ப வேண்டும்.

ஒரு லாப்பின் வேகமும் பந்தயத்தின் வேகமும் வெவ்வேறு என்பதற்கு வலுவான சான்று, விளையாட்டு உலகின் மிகச் சிறந்த கணினி ஓட்டுநரிடமே கிடைத்தது. சோனி நிறுவனம் கிரான் டூரிஸ்மோவுக்காக உருவாக்கிய சோஃபி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களில் தானே ஓட்டிப் பழகிய நிரல். 2021 ஜூலையில் தலைசிறந்த மனித வீரர்களுடன் மோதியபோது, தனி ஓட்டத்தில் அது அவர்களைவிட வேகமாக இருந்தது. அணியாக மோதிய பந்தயத்தில் புள்ளிக் கணக்கில் மனிதர்கள் வென்றார்கள். முந்துவது, இடம் கொடுப்பது, மோதாமல் ஒதுங்குவது போன்றவற்றைத் திருத்திய பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் சோஃபி பெரிய வித்தியாசத்தில் வென்றது. 2022 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. இப்படிப் பழகிய நிரலுக்கே வேகத்தைத் தவிர இத்தனை பாடம் தேவைப்பட்டிருக்கிறது.

இனி எரிபொருளுக்கு வருவோம். நெடுநேர ரேஸின் உண்மையான ருசி அங்கேதான் இருக்கிறது.

அதே ஸ்பா உதாரணத்தையே தொடர்வோம். ரேஸ் நான்கு மணி நேரம், 14,400 வினாடி. டேங்க் 25 லாப் தாங்கும். எரிபொருள் நிரப்பி டயர் மாற்ற நிற்கும் ஒவ்வொரு முழு பிட் நிறுத்தத்துக்கும் 65 வினாடி போகிறது. மூன்று நிறுத்தம் என்றால் 195 வினாடி. மிச்ச நேரத்தை 140.4 வினாடியால் வகுத்தால் 101-ஐத் தாண்டுகிறது. கடிகாரம் முடிந்த பிறகு ஓடிக்கொண்டிருக்கும் லாப்பையும் முடிக்க வேண்டும். ஆக 101 அல்லது 102 லாப். நான்கு டேங்க் தருவதோ 100 லாப். ஒன்றிரண்டு லாப்புக்கு எரிபொருள் போதாது.

இப்போது முடிவு உங்கள் கையில். கடைசியில் ஒரு சிறு நிறுத்தம் போடலாம். கொஞ்சமே நிரப்பினாலும் பிட் பாதையில் மெதுவாகப் போய்வர 40 வினாடிக்கு மேல் ஆகும். அல்லது நேர்பாதைகளின் முடிவில் பிரேக் மிதிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே ஆக்ஸிலேட்டரை விட்டு, நூற்றுக்கு இரண்டு பங்கு எரிபொருளை மிச்சப்படுத்தலாம். அதற்கு லாப்புக்கு 0.3 வினாடி விலை என்றாலும் நூறு லாப்பில் 30 வினாடிதான். லாபம் பத்து வினாடி. நான்கு மணி நேரத்தின் முடிவு அந்தப் பத்து வினாடியில் தொங்கும்போது கடைசி அரைமணி நேரம் உள்ளங்கை வியர்க்கும். பெரும்பாலான கேம்களில் கணினிக் கார்கள் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடுவதில்லை. டேங்க் தீரும் தறுவாயில் பிட்டுக்குள் வந்துவிடும். உங்களைவிட வேகமான எதிராளியை நியாயமாக வெல்லும் வழி அங்கே திறக்கிறது. எனவே ரேஸின் நேரத்தை வேண்டுமென்றே டேங்கின் மடங்குக்கு ஒரு லாப் மேலே வரும்படி தேர்ந்தெடுங்கள். டேங்க் கணக்கு வகுத்தால் மீதியில்லாமல் முடியும் ரேஸில் யோசிக்க எதுவும் இருக்காது.

டயர் தேய்மானத்தையும் எரிபொருள் செலவையும் மடங்காகக் கூட்டும் வசதி கிரான் டூரிஸ்மோ 7 போன்றவற்றில் உண்டு. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அது வரம். ஒரு மணி நேரத்திலேயே மூன்று நான்கு முறை பிட் போக வேண்டிவரும். ஆனால் முதலில் சிறு ரேஸ் ஒன்றை ஓடவிட்டு, கணினிக் கார்களின் டயரும் அதே அளவு தேய்கிறதா, அவையும் பிட்டுக்கு வருகின்றனவா என்று பாருங்கள். சில கேம்களில் கணினிக் கார்களுக்கு எளிமையாக்கிய இயற்பியல்தான் இயங்குகிறது. நம் கார் வழுக்கும் ஈரத்தில் அவை தடுமாறாமல் போகும். மழை ரேஸில் திறன் எண்ணை இரண்டு மூன்று புள்ளி குறைத்து வைப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

எந்தத் தடம்? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது நூர்புர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபெ. காட்டுக்குள் 20.8 கிலோமீட்டர், உச்சிக்கும் அடிக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். அங்கே நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் பக்கத்துத் தடத்தையும் சேர்த்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சுற்றுகிறார்கள். ஏற்காட்டைச் சுற்றிவரும் நம் லூப் ரோடு 32 கிலோமீட்டர். ஏரிக்கரையில் வெயில், நாகலூர்ப் பக்கம் மூடுபனி என்று ஒரே சுற்றில் இரண்டு வானிலை பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த ஜெர்மன் காடு அந்நியமாகத் தெரியாது. அந்த 25 கிலோமீட்டர் சுற்றில் ஜிடி3 காரில் ஒரு மணி நேரத்துக்கு ஏழு லாப்தான் வரும். ஒரு வளைவில் செய்த பிழையைத் திருத்த எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பொறுமைக்கு இதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரியாது.

ஏற்காடு மலைப்பாதையையே கேமில் உருவாக்கி ஓட்ட முடியாதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அசெட்டோ கோர்சாவில் பயனர்களே தடம் உருவாக்கிச் சேர்க்கலாம். ஆனால் கணினிக் கார்கள் ஓட, அந்தத் தடத்தில் யாராவது ஓட்டிப் பதிவு செய்த பாதைக் கோடு வேண்டும். அது இருந்தாலும் குறுகிய கொண்டை ஊசி வளைவில் இருபது கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டி நிற்பதுதான் நடக்கும். மலையேற்றத் தடத்தைக் கடிகாரத்துக்கு எதிராகத் தனியே ஓட்டுங்கள். கூட்டத்தோடு மோத மூடிய சுற்றுத்தடமே சரி.

இதைச் சொல்லும்போதே மனதில் உறுத்துவதையும் எழுதிவிடுகிறேன். வார இறுதிகளில் நம் மலைப்பாதையில் பைக்குகளை விரட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. அந்தச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் நடக்கிறார்கள், ஆம்புலன்ஸ் இறங்குகிறது. வேகத்தின் மேல் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் முறையான தடங்கள் இருக்கின்றன. அங்கே போக வசதி இல்லாதவருக்கு ஒரு பழைய ஸ்டீயரிங் வீலும் திரையும் போதும். யாருக்கும் காயம் படாமல் இரவெல்லாம் ஓட்டலாம்.

இரவு என்றதும் நினைவுக்கு வருகிறது: பகல், இரவு மாற்றத்தை அவசியம் சேருங்கள். நான்கு மணி நேர ரேஸில் நேர வேகத்தை ஆறு மடங்கு வைத்தால் ஒரு முழு நாள் கடந்துவிடும். 24 மடங்கு வைத்து ஒரு மணி நேரத்தில் அடக்குவதும் பல கேம்களில் முடியும். ஆனால் தடத்தின் வெப்பம் தாறுமாறாக மாறி, டயர் அழுத்தம் எதற்கும் ஒத்துவராது. ஆறுக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூடவே வேறு வகைக் கார்களையும் களத்தில் இறக்குங்கள். லே மான்ஸில் இன்று ஹைப்பர்கார், எல்எம்பி2, ஜிடி3 என மூன்று பிரிவுகள் ஒரே தடத்தில் ஓடுகின்றன. நீங்கள் நடுப் பிரிவில் இருந்தால் பின்னாலிருந்து வேகக் கார்கள் வரும். முன்னால் மெதுவான கார்களைத் தாண்ட வேண்டும். வளைவின் எந்தப் புள்ளியில் இடம் கொடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு லாப்பிலும் எழும். கணினியின் ஆக்ரோஷ அளவை நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே வைப்பது நல்லது. உச்சத்தில் வைத்தால் முதல் வளைவிலேயே உங்கள் நான்கு மணி நேரம் முடிந்துவிடக்கூடும். சேத அமைப்பை முழுதாக வையுங்கள். தவறுக்கு விலை இல்லாவிட்டால் யாரும் நிதானம் பழக மாட்டார்கள்.

தொடங்கும் முன் உங்கள் கேமில் ரேஸைப் பாதியில் சேமிக்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சேமிக்க வழியில்லை என்றால் யுபிஎஸ் இல்லாமல் நான்கு மணி நேர ரேஸில் இறங்க வேண்டாம். நண்பர் ஒருவர் இருந்தால் பிட் நிறுத்தத்தில் கேமை நிறுத்தி ஆள் மாறி ஓட்டுங்கள். அப்போது இருவருடைய சராசரியையும் சேர்த்து எதிராளியின் எண்ணை அமைக்க வேண்டும்.

ரேஸ் முடிந்ததும் நோட்டில் மூன்று விவரம் எழுதுங்கள்: ஒவ்வொரு டேங்குக்கும் உங்கள் சராசரி, முன்னணிக் கணினிக் காரின் சராசரி, இருவரும் பிட்டுக்குப் போன லாப் எண்கள். உங்களுடைய கடைசி டேங்கின் லாப் சராசரி முதல் டேங்கைவிட ஒரு வினாடிக்கு மேல் மெதுவாக இருந்தால் எதிராளியின் எண்ணைத் தொடாதீர்கள். அரை வினாடிக்குள் இருந்தால் அடுத்த ரேஸுக்கு ஒரே ஒரு புள்ளி ஏற்றுங்கள்.